ஸ்பீடோமீட்டர் இருந்த பக்கம்

3 நவம்பர் 2024, ஞாயிறு

காலையில் கிருபாகரன் வந்திருந்தார். பல் டாக்டர். எங்கள் பழைய மோட்டார் சங்கத்துக்குச் செயலாளர், ஆண்டு மலருக்கு ஆசிரியர், டீ சொல்லிவிடுவதும் அவர்தான். பேசும்போது எதிராளியின் வாயையே பார்ப்பார். எனக்குக் கடைவாய்ப்பல் மூன்று இல்லை, அதனால் அவர் இருக்கும்வரை சிரிக்காமல் இருந்தேன்.

"உங்க எம்.ஜி. டி.சி. நாப்பத்தொம்பது மாடல். அக்காவோட எம்.ஜி. பி அறுவத்தெட்டு. ஒரே கம்பெனி, ரெண்டும் ரெண்டு சீட்டு, நடுவுல பத்தொம்பது வருசம். ரெண்டையும் ஓட்டிப் பாத்து ஒப்பிட்டு எழுதிக் குடுங்க. மலருக்கு அதுதான் முதல் கட்டுரை" என்றார்.

அக்கா என்று அவர் சொன்னது என் தங்கை விசாலத்தை. டிசம்பர் 15, சங்கத்தின் கார் ஊர்வலத்தன்று மலர் கைக்கு வந்துவிட வேண்டுமாம்.

ஒப்பிட என்ன இருக்கிறது? என்னுடையது கார். அவளுடையது கார் மாதிரி. மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காரும் வண்டியில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் சரி என்றேன். என் எழுபது வயதில் என்னிடம் ஒருவர் வீடு தேடி வந்து எழுதக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

டி.சி.யை வெளியே எடுத்தேன். சோக் இழுத்து, இரண்டு முறை தும்மி, மூன்றாவதில் பிடித்தது. பூங்கோதை ஜன்னலைச் சாத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தத்துக்கு ஜன்னல் சாத்துகிறாள்.

கட்டுரைக்குக் குறிப்பு: அப்பா இதை 1952-ல் தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மில் மேனேஜர் ஒருவரிடமிருந்து வாங்கினார். உடம்பு உள்ளே மரச்சட்டம். சக்கரம் சைக்கிள் சக்கரம் போலப் பெரிது, கம்பி போட்டது. முன் கண்ணாடியை மடக்கி பானெட் மேல் படுக்க வைக்கலாம். அப்படி வைத்தால் பூச்சியெல்லாம் வாய்க்குள் வரும்.

முக்கியமான விசேஷம் ஸ்பீடோமீட்டர். அது ஓட்டுபவர் முன்னால் இல்லை. பக்கத்து சீட்டில் உட்காருபவர் முன்னால் இருக்கிறது. ஓட்டுபவருக்கு எஞ்சின் சுற்று காட்டும் மீட்டர் மட்டும்தான். என்ன வேகம் என்று பக்கத்தில் இருப்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் அந்த வேலை விசாலத்துடையது. அவள் ஒரு தரம் தப்பாகப் படித்து நாற்பது என்று சொல்லி, நான் அதை நம்பிப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதிய கதை கோயமுத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியும். அதையும் சேர்த்தால் படிக்கச் சுவையாக இருக்கும்.

6 நவம்பர்

மழை. கார்பரேட்டரில் கை வைக்கவில்லை. இடுப்பு வலி.

9 நவம்பர், சனி

விசாலம் வீட்டுக்குப் போனேன். மாடியைப் பூட்டிவிட்டுக் கீழேயே இருக்கிறாள். இடது முட்டி இப்போது மடங்கவே இல்லை. டிசம்பர் 20-ஆம் தேதி ஆபரேஷன். அதற்கப்புறம் கிளட்ச் மிதிப்பதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அப்ப பதினஞ்சாந் தேதி ஊர்வலம்?"

"அது ஆபரேசனுக்கு முன்னாடிதானுங்ணா. வந்துருவேன். அதுதான் கடைசி" என்றாள், பாலுக்குச் சொல்லுகிற மாதிரி.

அந்த முட்டி புளியமரத்தில் மோதிய அன்றைக்கு அடிபட்டதுதான். டேஷ்போர்டின் கீழ்விளிம்பு இடித்தது. எனக்கு நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான்.

ஷெட்டைத் திறந்து காட்டினாள். பச்சைக் கலர், துளி தூசி இல்லை. குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவரிடம் ஓடாமல் கிடந்ததை இருபது வருடத்துக்கு முன்னால் வாங்கி, கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரத்தில் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டினவள். கணக்கு டீச்சர். நட்டுகளை அளவு வாரியாக இட்லித் தட்டில் அடுக்கி வைத்திருப்பாள்.

சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தாழ்வாக, சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"நல்ல வசதி" என்றேன்.

"ஆமாங்ணா" என்றாள்.

ஊர்வலத்தில் டி.சி.யில் என் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேட்டேன், முட்டிக்கும் ஓய்வாக இருக்குமே என்று. "எனக்குத்தான் என்ற வண்டி இருக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் டி.சி.யில் ஏறியதில்லை.

12 நவம்பர், செவ்வாய்

கட்டுரை முடிந்தது. கிருபாகரனுக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து பக்கம். எஞ்சின், கியர், பிரேக், அழகு என்று பிரித்து எழுதி, கடைசியில் டி.சி.யை ஜெயிக்க வைத்தேன். எழுதுகிறவன் வண்டி தோற்றால் அப்புறம் எதற்கு எழுதுவது? ஒரு விஷயம் எனக்கே புதிது: என் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு சேரும், அவளுடையதில் நெகட்டிவ். ஒன்று படுத்துவிட்டால் மற்றதிலிருந்து நேராக ஒயர் போட்டுக் கிளப்ப முடியாது. மாற்றிப் போட்டால் புகைதான்.

பழைய கையேட்டைத் தேட டூல் பாக்ஸைக் கவிழ்த்தபோது அட்டைத்துண்டு ஒன்று விழுந்தது. தேவையில்லாதது. திரும்ப உள்ளேயே போட்டேன்.

17 நவம்பர், ஞாயிறு

கட்டுரை போனபின்தான் அவள் வண்டியை ஓட்டினேன். ஓட்டாமலே எழுதிவிட்டேன் என்று வெளியில் சொல்லிவிட வேண்டாம். விசாலம் இடப்பக்க சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவிநாசி ரோட்டில் விமான நிலையம் தாண்டிப் போனோம்.

உண்மையைச் சொன்னால் அருமையான வண்டி. கியர் வெண்ணெயில் கத்தி. வளைவில் மனதைப் படித்தது போலத் திரும்புகிறது. டி.சி.யில் ஸ்டியரிங்கை இரண்டங்குலம் ஆட்டிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும்.

ரோடு காலியான இடத்தில் கேட்டாள். "எத்தனைங்ணா?"

இந்தக் கேள்வியை நான்தான் அவளிடம் கேட்பேன், முன்பெல்லாம். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கத்தி, "எத்தனை அம்மிணி?" என்று.

"அம்பது" என்றேன்.

அவள் என் பக்கமாக எட்டிப் பார்த்தாள். "அம்பத்தி நாலு" என்றாள்.

18 நவம்பர்

ஒன்றை இங்கே எழுதி வைக்கலாம். விபத்து நடந்த அன்றைக்குக் கண்ணாடியை மடக்கிப் போட்டிருந்தோம். காற்றிரைச்சல். அவள் ஐம்பது என்று சொல்லி, எனக்கு நாற்பது என்று கேட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. யார் மேலும் தப்பில்லாமல் நடப்பதுதான் விபத்து.

23 நவம்பர், சனி

மாமா பேத்தி கல்யாணம். பந்தியில் லோகு எனக்கு எதிர் வரிசை. மாமா மகன், எங்கள் சங்கத்திலும் இருக்கிறான், மண்டபத்தில் அவன் குரல் மைக்குக்கு மேலே கேட்கும். சமையல்காரர் வந்து அடுத்த பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டதும் லோகு ஆரம்பித்துவிட்டான்.

"விசாலத்தைக் கேட்டறாதீங்க. எத்தன பேர் இருந்தாலும் நாப்பதுன்னுதான் சொல்லும்!"

எல்லோரும் சிரித்தார்கள். விசாலமும் சிரித்துக்கொண்டு, "பாயாசம் நல்லா இருக்குது, இன்னொரு கரண்டி போடுங்க" என்றாள். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவளிடம் படித்த பெண்கள் இரண்டு பேர் அதே பந்தியில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள், விஷயம் புரியாமலே.

நானும் சிரித்தேன். எப்போதும் சிரிப்பேன்.

வரும் வழியில் பூங்கோதை, "அவங்க ஒருநாளும் எதிர்த்துப் பேசி நான் பாக்கலீங்க. அப்படி ஒரு தப்பு பண்ணுனவங்க மூஞ்சியாவா இருக்குது அது?" என்றாள். ரோட்டைப் பார்க்க விடு என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

24 நவம்பர், ஞாயிறு

இந்த நோட்டில்கூட எழுதாமல் இருந்தால் நான் மனிதனில்லை.

டூல் பாக்ஸில் இருக்கும் அட்டை விசாலத்தின் கையெழுத்து. கல்லூரியில் முதல் வருடம் கணக்குப் படித்தபோது எனக்காகப் போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்குத்தான் வேகம் தெரியாதே, இதைப் பாத்துக்குங்ணா" என்று டேஷ்போர்டில் சுற்று மீட்டருக்குக் கீழே ஒட்டி வைத்தாள். டாப் கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்று சுற்றினால் பதினைந்தரை மைல் வேகம். இரண்டாயிரத்துக்கு முப்பத்தொன்று. அப்படியே வரிசையாக, பச்சை மசியில். அந்த அட்டை இருந்தால் ஸ்பீடோமீட்டரே வேண்டாம். பக்கத்தில் ஆளும் வேண்டாம். நான் அவளைக் கேட்டதெல்லாம் ஒரு ஜம்பத்துக்குத்தான்.

1978, பொங்கலுக்கு மறுநாள். காரமடை வந்ததும் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னாலும் பல தரம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். என் கூட்டாளிகள் ஃபியட்டில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை முந்த வேண்டும். சுற்று மீட்டரில் முள் நான்கில், அதாவது நாலாயிரத்தில், நின்றது. எனக்கு அது தெரிந்தது. அவள் எண்ணைச் சொன்னாள், "வளைவு வருதுங்ணா, மெல்ல" என்றும் சொன்னாள். ரெண்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. காற்றிரைச்சல் என்று 18-ஆம் தேதி எழுதியது பொய்.

நான் இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பா கேட்டது ஒரே கேள்வி. "என்ன வேகத்துல போன?" எனக்கு இருபத்துநாலு வயது. அப்பா கையால் அடிவாங்கும் வயதில்லை. ஆனாலும் பயந்தேன். "எனக்கு மீட்டர் தெரியாதுங்களே அப்பா. அவதான் நாப்பதுன்னு சொன்னா" என்றேன். அது அந்த வண்டியில் மட்டுமே செல்லுபடியாகும் பொய். வேறு எந்தக் காரில் சொல்லியிருந்தாலும் அப்பா சிரித்திருப்பார்.

விசாலம் அடுத்த கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்தாள். "நான் அப்படிச் சொல்லலீங்க அப்பா" என்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "மீட்டர் பாக்கத் தெரியாதவளுக்கு காலேஜ் எதுக்கு?" என்றார். அந்த ஆவணியில் கோபியில் கட்டிக்கொடுத்தார்கள். தாலி ஏறியபோது அவளால் மணையில் காலை மடக்கி உட்கார முடியவில்லை. மிச்சப் படிப்பைத் தபாலில் படித்து முடித்தாள்.

வண்டி பட்டறைக்குப் போகும் முன் அட்டையைப் பிய்த்து எடுத்தேன். கிழித்து எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று எனக்குத் தெரியாது.

26 நவம்பர், செவ்வாய்

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விசாலம் வீட்டுக்குப் போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இன்னொரு டம்ளரும் குடித்து, ஒருவழியாகச் சொன்னேன்.

"அம்மிணி, அன்னிக்கு நீ நாப்பதுன்னு சொல்லல."

கத்தி நிற்கவில்லை. "தெரியுங்ணா."

"நான்தான் அப்பாகிட்ட..."

"தெரியுங்ணா. நானுந்தான அந்த வண்டில இருந்தேன்?"

நாற்பத்தாறு வருடமாக இதை எப்படிச் சொல்வது என்று பயந்தவன், கேட்பவளுக்கு அது செய்தியே இல்லை என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை. மன்னிச்சுக்கோ என்றேன். அழுதும் விட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் நறுக்கியதை முறத்தில் தள்ளிவிட்டுச் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லி என்னங்ணா ஆகுது? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க." கோபமாக இல்லை. பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் எந்தப் படியில் தப்பு என்று காட்டுகிற குரல்.

சாப்பிட்டுப் போகச் சொன்னாள். இருந்து சாப்பிட்டேன். அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

29 நவம்பர், வெள்ளி

கட்டுரையைத் திருத்தினேன். புளியமரம் வரும் பத்தியை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். சுற்று மீட்டர் இருக்கும்போது டி.சி. ஓட்டுபவன் வேகம் தெரியாது என்று சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் எழுதினேன். அவள் வண்டிதான் சிறந்தது என்று முடித்தேன். அதில் ஓட்டுபவன் தன் வேகத்தைத் தானே பார்த்தாக வேண்டும்.

அனுப்பிவிட்டேன். நல்ல தூக்கம்.

2 டிசம்பர், திங்கள்

கிருபாகரன் போன். "சார், ரெண்டாவது அனுப்புனது படிச்சேன். மனசு என்னமோ ஆயிருச்சு. ஆனா ரெண்டு பக்கம் கூடிப்போச்சு. அப்புறம்... மலருங்கறது வண்டி சமாச்சாரம், குடும்பமெல்லாம் எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. மொதல்ல அனுப்புனது கச்சிதமா இருக்குது. அதையே போட்டுறட்டுங்களா?"

போடக்கூடாது என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை.

"உங்க இஷ்டம்" என்றேன்.

போனை வைத்த பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிடவில்லை. பிரஸ்ஸுக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருக்காது, அப்போது காலை பத்து மணிதான்.

10 டிசம்பர், செவ்வாய்

மலர் வந்துவிட்டது. வழவழ தாள். பதினான்காம் பக்கம், மூன்றாம் பத்தி: "ஓட்டுபவருக்கு வேகம் தெரியாது என்பதால் பக்கத்தில் இருப்பவர் எண் படிக்கத் தெரிந்தவராக இருப்பது நல்லது. என் தங்கை நாற்பது என்று படித்துச் சொல்லி நாங்கள் புளியமரத்தில் மோதிய கதை பலருக்கும் தெரியும்." எழுதியது நான்தான். நன்றாகவும் எழுதியிருக்கிறேன்.

லோகு போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

இதுவரை வாய்ப்பேச்சாக இருந்த பொய் இப்போது அச்சில் ஏறிவிட்டது, என் போட்டோவோடு. அப்பாவுக்குப் பயந்து சொன்னேன் என்று இதற்குச் சொல்ல முடியாது. அப்பா போய் முப்பது வருடம் ஆகிறது.

சாயங்காலம் விசாலம் பேசினாள். "எங்க வண்டி போட்டோ நல்லா வந்திருக்குதுங்ணா" என்றாள். பிறகு, "ஆபரேசனுக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் வேணுங்கறாங்க, பசங்க யாராச்சும் இருக்கறாங்களா?" என்று கேட்டாள். ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன்.

14 டிசம்பர்

டி.சி.யைத் துடைத்து, ஆயில் பார்த்து, டயருக்குக் காற்று வைத்தேன். அட்டை மறுபடி சட்டைப் பையில்.

15 டிசம்பர், ஞாயிறு

ரேஸ்கோர்ஸில் ஏழு மணிக்கே முப்பத்தோரு வண்டி. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம்: கொடி அசைக்கும் முன் ஒவ்வொருவரும் மைக்கில் தன் வண்டியையும் பக்கத்தில் உட்காருபவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். பெரும்பாலும் எந்த வருடம், எத்தனை குதிரைசக்தி, பெண்டாட்டி பெயர், அவ்வளவுதான்.

விசாலம் எனக்கு முன் வண்டி. கூரைத் துணியை மடக்கியிருந்தாள். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் திரும்பக் கிளட்ச் மிதித்துக் கிளப்ப வேண்டும் என்று யோசித்திருப்பாள். மைக்கை அவளிடமே கொண்டு போய்க் கொடுத்தார்கள். "எம்.ஜி. பி, ஆயிரத்து தொள்ளாயிரத்து அறுவத்தெட்டு. பக்கத்துல யாரும் இல்லீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து நான். பின்னாலிருந்து லோகு, "நாப்பதத் தாண்டாதீங்க மச்சான்!" என்று கத்தினான். சிரிப்பு. மலர் எல்லோர் கையிலும் இருந்தது.

நான் சொன்னதை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். "இந்த வண்டியில பக்கத்துல உக்கார வேண்டியவ என் தங்கச்சி. ஏற மாட்டா. மலர்ல பதினாலாம் பக்கம் நான் எழுதியிருக்கறது பொய். அவ நாப்பதுன்னு சொல்லல. வளைவு வருது, மெல்லப் போன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. இந்த அட்டை அவ எழுதிக் குடுத்தது, என் மூஞ்சிக்கு முன்னாடியேதான் இருந்துச்சு. எங்கப்பாவுக்குப் பயந்துக்கிட்டு அவமேல போட்டேன். அவ படிப்பு போச்சு, காலு போச்சு. அவ சரியாத்தான் சொன்னா. கிட்டத்தட்ட அறுவதுன்னு சொன்னா."

கிருபாகரன் முதல்முறையாக ஒருவர் வாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

முன் வண்டியிலிருந்து விசாலத்தின் குரல் வந்தது. மைக் இல்லை. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"அறுவத்திரண்டு."

அட்டையைப் பார்த்தேன். நான்கு என்ற எண்ணுக்கு எதிரே பச்சை மசியில் அதேதான் இருந்தது. ஒத்துக்கொள்ளும்போதுகூட இரண்டு மைலைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அறுபத்திரண்டு" என்று மைக்கில் திருத்திச் சொன்னேன். கொடி அசைந்தது. அவள் போய்விட்டாள்.

மேட்டுப்பாளையம்வரை அவள் பின்னாலேயே போனேன். ரோட்டை அகலமாக்கியதில் புளியமரம் இருந்த இடமே தெரியவில்லை. பக்கத்து சீட்டில் என் ஃபிளாஸ்க்கும் தொப்பியும். நான் இறங்கிப் போய் அட்டையை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கறேன்" என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாட்டி டி.சி.யை நீ ஓட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

16 டிசம்பர், திங்கள்

ரத்தம் கொடுக்க இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். பூங்கோதை காலையில் ஜன்னல் சாத்தவில்லை, நான் வண்டி எடுக்கவில்லை.

கிருபாகரனுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். போனில் பேசினால் மறுபடி உங்க இஷ்டம் என்று சொல்லிவிடுவேன். அடுத்த மலர் வர ஒரு வருடம் ஆகும், ஆனாலும் அதில் வந்தே ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

பிழை திருத்தம்: சென்ற மலர், பக்கம் 14, பத்தி 3. நாற்பது என்று இருப்பதை அறுபத்திரண்டு என்று திருத்திப் படிக்கவும். பிழை எழுதியவருடையது. படித்துச் சொன்னவருடையது அல்ல.